கரை இல்லாத கடல்: டொமினிக் செர்ரெசின் நாகப்பட்டினக் கடற்போர் ஓவியமும் 1782ஆம் ஆண்டின் தமிழக உள்நாடும்

ஆய்வுச்சுருக்கம்

1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்திற்கு அப்பால் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கடற்படைகளுக்கிடையே நிகழ்ந்த போரை இங்கிலாந்தின் கடல்சார் ஓவியர் டொமினிக் செர்ரெஸ் எண்ணெய்வண்ணத்தில் தீட்டினார். தமிழகக் கடற்பரப்பைப் பொருளாகக் கொண்ட பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களுள் இது குறிப்பிடத்தக்கது. இவ்வோவியம் கடலைக் கரையினின்று பிரித்துக் காட்டுகிறது என்பதும், அப்பிரிவு நம் வரலாற்றெழுத்திலும் தொடர்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி, வந்தவாசி முதலிய இடங்களில் அதே ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றோடு ஓவியத்தை இணைத்துப் படிக்கும் முறை இங்கு முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கடலோவியம், டொமினிக் செர்ரெஸ், நாகப்பட்டினம், ஹைதர் அலி, சுஃப்ரேன், ஆரணி, திருவண்ணாமலை, சோழமண்டலக் கடற்கரை.

1. முன்னுரை

திருவண்ணாமலை கடலைக் காணாத ஊர். மலையும் கோயிலும் கார்த்திகைத் தீபமுமே அதன் வரலாற்று அடையாளங்கள். ஆயினும் ஆட்சி வரலாற்றில் இவ்வூர் நெடுங்காலம் ஒரு கடற்கரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1911ஆம் ஆண்டு வடார்க்காட்டுடன் சேர்க்கப்படும்வரை திருவண்ணாமலை வட்டம் கூடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1906இல் வெளிவந்த பிரான்சிசின் தென்னார்க்காட்டு மாவட்ட விவரச்சுவடி கூடலூர்த் துறையையும் அண்ணாமலையார் கோயிலையும் ஒரே நூலில் விளக்குகிறது. கோயிலின் கிழக்கு இராசகோபுரத்தை நிறைவு செய்தவராகக் கூறப்படும் செவ்வப்ப நாயக்கர் தஞ்சை நாயக்க மரபின் முதல்வர். அம்மரபின் இறுதி மன்னரான விசயராகவ நாயக்கரின் காலத்தில்தான், 1658இல், நாகப்பட்டினம் போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குச் சென்றது.

கடலும் உள்நாடும் இவ்வாறு ஒரே அரசியல் வெளிக்குள் இயங்கியிருப்பினும், பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களை எழுதும்போது நாம் அவற்றைப் பிரித்துவிடுகிறோம். மைசூர்ப் போர்கள் நிலத்துக்குரியனவாகவும், ஹியூஸ், சுஃப்ரேன் ஆகியோரின் கடற்போர்கள் ஐரோப்பியக் கடற்படை வரலாற்றுக்குரியனவாகவும் கொள்ளப்படுகின்றன. இப்பிரிவு எங்ஙனம் உருவாயிற்று என்று ஆராய, கடலை மட்டுமே காட்டும் ஓர் ஓவியம் தக்க தொடக்கமாகும்.

2. செர்ரெசும் கடலோவிய மரபும்

கடலையும் கப்பலையும் தனிப்பொருளாகக் கொண்ட எண்ணெய்வண்ண ஓவியம் பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தில் வளம் பெற்றது. கடல்வணிகமும் கடற்போரும் நாட்டின் பெருமையாகக் கருதப்பட்ட சூழலில் கப்பல் உரிமையாளரும் கடற்படைத் தலைவரும் இத்தகைய ஓவியங்களை வரையச் செய்தனர். இம்மரபின் முதன்மையர் இருவர்: தந்தை வில்லெம் வான் டெ வெல்டெ, அதே பெயருடைய அவர் மகன். தந்தை சிறு படகில் போர்க்களத்துக்கே சென்று கோட்டோவியங்கள் எடுப்பார். மகன் அவற்றை வண்ணத்தில் முழுமையாக்குவார். 1670களின் தொடக்கத்தில் இருவரும் இங்கிலாந்திற்குக் குடிபெயர்ந்தனர். 1674இல் இரண்டாம் சார்லசு மன்னர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 பவுன் ஊதியம் வழங்க ஆணையிட்டார். நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய அதே கடல்வல்லரசின் ஓவியக்கலை இவ்வாறு அதன் போட்டி வல்லரசுக்குச் சென்று சேர்ந்தது.

டொமினிக் செர்ரெஸ் (1722–1793) இம்மரபின் வழித்தோன்றல். பிரான்சின் கஸ்கோனிப் பகுதியில் பிறந்தவர். இளமையில் வீட்டை நீங்கிக் கடலோடியானவர். ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு இங்கிலாந்து சேர்ந்தவர் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. 1768இல் அரச கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் நிறுவன உறுப்பினருள் ஒருவரானார். 1780இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் கடல்சார் ஓவியராக அமர்த்தப்பட்டார். பிறப்பால் பிரெஞ்சுக்காரராகிய அவர் பிரான்சுக்கு எதிரான ஆங்கிலேயக் கடற்போர்களைத் தீட்டியே புகழ் பெற்றார்.

செர்ரெஸ் இந்தியாவுக்கு வந்தவரல்லர். தாம் காணாத போர்களை வரைவது அவருக்கு வழக்கமான தொழில்முறை. 1762இல் ஆங்கிலேயர் அவானாவைக் கைப்பற்றிய நிகழ்ச்சிகளை, ஆங்குப் பணியாற்றிய அதிகாரி ஒருவரின் வரைபடங்களைக் கொண்டே அவர் தீட்டினார். கடற்போர் ஓவியம் பொதுவாகக் கப்பல்களின் இருப்பைக் குறிக்கும் திட்டப்படம், கப்பற்குறிப்பேடு, அதிகாரிகளின் வாய்மொழி ஆகியவற்றால் உருவாவது. பாய், கயிறு, கொடி, பீரங்கி வாயில் ஆகியவற்றில் பிழை நேர்ந்தால் ஓவியத்தைப் பெறுவோராகிய கடற்படையினர் உடனே கண்டுகொள்வர். எனவே கப்பலைப் பொறுத்தவரை அவ்வோவியம் மிகத் துல்லியமானது. அத்துல்லியமே ஓவியம் முழுவதும் உண்மை என்ற நம்பிக்கையையும் பார்ப்போரிடம் தோற்றுவிக்கிறது.

3. 1782 ஜூலை 6

சோழமண்டலக் கடற்கரைக்கு அப்பாலும் இலங்கைக் கடலிலும் எட்வர்ட் ஹியூசும் சுஃப்ரேனும் ஐந்து முறை மோதினர்: 1782 பிப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினம், ஏப்ரல் 12இல் இலங்கையின் கீழைக்கரைக்கு அப்பால் பிராவிடியன், ஜூலை 6இல் நாகப்பட்டினம், செப்டம்பர் 3இல் திருகோணமலை, 1783 ஜூன் 20இல் கூடலூர். இவற்றுள் ஹியூசின் போர்கள் சிலவற்றைச் செர்ரெஸ் 1780களில் தீட்டினார். அவற்றுள் ஒன்றே நாகப்பட்டினப் போர்.

1781 நவம்பரில் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். அதனை மீட்பது சுஃப்ரேனின் நோக்கம். ஜூலை 5 மாலையில் வீசிய சூறைக்காற்றில் பிரெஞ்சுக் கப்பல்களுள் ஒன்றான அஜாக்சு பாய்மரம் இழந்தது. மறுநாள் இருபுறமும் 11 கப்பல்கள் மோதின. காலையில் தென்மேற்கிலிருந்து வீசிய காற்று ஹியூசுக்குச் சாதகமாக இருந்தது. அவர் காற்றின் மேற்பக்கத்தைப் பற்றிக்கொண்டு பகைவரை அணுகினார். நண்பகலுக்குப் பின் காற்று திடீரெனத் தென்கிழக்குப் பக்கமாகத் திரும்பிற்று. இரு வரிசைகளும் குலைந்தன. சில கப்பல்கள் ஒருபுறமும் சில மறுபுறமுமாகத் திரும்பின. ஆங்கிலேயர் தரப்பில் 77 பேர் இறந்தனர். 233 பேர் காயமுற்றனர். பிரெஞ்சுத் தரப்பில் 178 பேர் இறந்தனர். 601 பேர் காயமுற்றனர். கப்பல் எதுவும் கைப்பற்றப்படவில்லை. ஆங்கிலேயர் நாகூருக்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே நங்கூரமிட்டனர். பிரெஞ்சுக்காரர் காரைக்காலுக்கும் பின்னர்க் கூடலூருக்கும் சென்றனர்.

கடற்படை வரலாற்று நூல்கள் இக்காற்று மாற்றத்தை எதிர்பாரா நிகழ்ச்சியாகவே எழுதுகின்றன. நாகப்பட்டினக் கரையில் வாழ்ந்த கடலோடிகளுக்கு அது புதுமையன்று. ஆனி, ஆடி மாதங்களில் காலையில் நிலத்திலிருந்து கச்சான் வீசும். வெயில் ஏறியபின் கடற்காற்று எழுந்து தென்கிழக்கிலிருந்து கரைநோக்கி வரும். மீனவர் விடியுமுன் நிலக்காற்றில் கடலேறிப் பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்புவது இவ்வொழுங்கை அறிந்தே. இருபத்திரண்டு போர்க்கப்பல்களின் வரிசையைக் குலைத்த காற்று, கட்டுமரக்காரரின் அன்றாட நேரக்கணக்குக்குள் அடங்கியது.

4. சான்றாக ஓவியம்: செவேர் கப்பலின் கொடி

இப்போரின் ஒரு நிகழ்ச்சி, ஓவியத்தைச் சான்றாகக் கொள்வதன் எல்லையை நன்கு காட்டும். குழப்பத்தினிடையே செவேர் என்னும் பிரெஞ்சுக் கப்பலின் கொடி இறங்கிற்று. கொடி இறங்குதல் சரணடைதலின் அறிகுறி. எதிரே நின்ற ஆங்கிலேயக் கப்பல் சுல்தான் சுடுவதை நிறுத்தியது. செவேரின் அதிகாரிகள் தம் தலைவரின் செயலை ஏற்காது மீண்டும் கொடியை உயர்த்திப் போரைத் தொடர்ந்தனர். மறுநாள் ஹியூஸ் அக்கப்பலை ஒப்படைக்குமாறு சுஃப்ரேனுக்கு மடல் அனுப்பினார். கொடிக்கயிறு குண்டுபட்டு அறுந்ததாகக் கூறி சுஃப்ரேன் மறுத்தார். ஆயினும் அக்கப்பலின் தலைவரைப் பின்னர்ப் பதவியினின்று நீக்கினார்.

கொடி இறங்கிய கணத்தை வரையும் ஓவியம் ஆங்கிலேயரின் கூற்றையும், பறக்கும் கொடியை வரையும் ஓவியம் பிரெஞ்சுக்காரரின் கூற்றையும் ஏற்றதாகிவிடும். ஒரு போரின் பல மணி நேரத்தை ஒரே காட்சியாக்கும் ஓவியர், எக்கணத்தைத் தேர்கிறார் என்பதிலேயே ஒரு தரப்பைச் சார்கிறார். செர்ரெசின் ஓவியத்தை நாம் நோக்க வேண்டியது போரின் நிழற்படமாக அன்று. ஆங்கிலேயக் கடற்படையின் அறிக்கை வண்ணத்தில் எழுதப்பட்ட வடிவமாக.

5. ஓவியத்தில் இடம்பெறாத கரை

செர்ரெசின் போர் ஓவியங்களில் கப்பல், பாய், வெடிப்புகை, நீர், வானம் என்பவையே பொருள். தாழ்ந்த அடிவானமும் அகன்ற வானமும் ஒல்லாந்து மரபிலிருந்து வந்தவை. கரைவாழ் மக்கள் அவற்றில் பொருளாவதில்லை. இப்போர் நிகழ்ந்த இடத்தை நாகப்பட்டினம் என உறுதிசெய்வது ஓவியத்தின் தலைப்பே; காட்சியன்று.

ஆனால் அன்றைய மாலுமிகள் இக்கரையைக் கட்டடங்களைக் கொண்டே அடையாளம் கண்டனர். முதலாம் இராசராசன் காலத்தில் சிரீவிசய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் பழங்கோபுரம் 1782இல் நாகப்பட்டினத்தில் நின்றிருந்தது. 1867இல்தான் அது இடிக்கப்பட்டது. ஐரோப்பியர் அதனைச் 'சீனக் கோபுரம்' என்றழைத்துக் கடல்வழி அடையாளமாகப் பயன்படுத்தினர். வடக்கே, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கின் கொடையாக எழுந்த நாகூர் தர்காவின் உயர்ந்த மனோராவும் அப்போது இருந்தது. பௌத்த விகாரத்தின் எச்சம், இசுலாமியத் தர்கா, சைவக் கோயில், ஒல்லாந்தர் கோட்டை ஆகியவை அடுத்தடுத்து நின்ற கரை அது. ஹியூசின் கப்பல்கள் அன்றிரவு நங்கூரமிட்டது இவற்றின் எதிரில்தான்.

இரு கடற்படைகளும் உயிர்வாழ்ந்ததும் கரையால்தான். சோழமண்டலக் கடற்கரையில் பெருங்கப்பல் அணையத்தக்க துறைமுகம் அப்போது இல்லை. சென்னை, கூடலூர், நாகப்பட்டினம் யாவும் திறந்த துறைகள். கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிடும். நீர்ப்பீப்பாய், அரிசி மூட்டை, வெடிமருந்து, காயமுற்றோர் ஆகிய அனைத்தையும் அலையைக் கடந்து ஏற்றி இறக்குவது மசூலா படகோட்டிகளின் வேலை. ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய இப்படகு, கரையில் மோதும்போது வளைந்து கொடுக்கும். ஐரோப்பியரின் விறைப்பான படகுகள் உடைந்துவிடும். மடல்களையும் செய்திகளையும் கட்டுமரக்காரர் கொண்டுசெல்வர். கடற்கரை மக்களின் உழைப்பு இல்லையேல் இக்கடற்படைகள் சில வாரங்கள்கூட இக்கரையில் நிலைத்திருக்க இயலாது.

இந்த உழைப்பை ஐரோப்பிய ஓவியர் எவரும் காணவில்லை எனல் தவறு. 1797இல் வெளிவந்த தாமசு, வில்லியம் டேனியல் ஆகியோரின் சென்னைக் கோட்டைக் காட்சியில் அலையும் படகுகளும் உள்ளன. சார்ச்சு சின்னரி 1802 முதல் சில ஆண்டுகள் சென்னையில் தங்கிப் படகோட்டிகளையும் கட்டுமரக்காரரையும் வரைந்தார். கரைக்கு வந்தவர்கள் கரையை வரைந்தனர். குக்குடன் பசிபிக் கடலில் பயணம் செய்த வில்லியம் ஹாட்ஜசும் இங்குக் குறிப்பிடத்தக்கவர். 1780இல் சென்னைக்கு வந்த அவர், ஹைதரின் படையெடுப்பால் உள்நாடு செல்ல இயலாது நின்றார். நாட்டுப்புற மக்கள் அஞ்சி நகருக்குள் திரண்டு வந்ததைக் கண்டு, 1793இல் வெளியிட்ட தம் பயணநூலில் எழுதினார். கடலோவியம் அறிந்த கண்ணே ஆயினும், கரையில் நின்றபோது அது மக்களைக் கண்டது.

6. கடலிலிருந்து ஆரணிக்கு

1780 ஜூலையில் ஹைதர் அலி கணவாய்களின் வழியே இறங்கியபோது தொடங்கிய போர் கடலையும் நிலத்தையும் ஒன்றாக்கிற்று. உள்நாட்டுத் தானியத்தை ஹைதர் தம் ஆளுகைக்குள் கொண்டுவந்தமையால் ஆங்கிலேயப் படை கடல்வழி வரும் அரிசியை நம்ப நேர்ந்தது. 1781 பிப்ரவரியில் எயர் கூட்டின் படை உணவின்றிக் கூடலூரில் முடங்கியிருந்தபோது, தொர்வ் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் அத்துறைக்கு எதிரே தோன்றின. ஹைதர் வேண்டியும் தொர்வ் தங்காது சென்றுவிட்டார். ஆங்கிலேயப் படை பிழைத்தது. கடலில் ஒரு கப்பற்கூட்டம் நிற்பதா நீங்குவதா என்பதே உள்நாட்டின் தலைவிதியைத் தீர்மானித்த தருணம் அது.

மறுதலையாக, பிரெஞ்சுக் கடற்படையின் வலிமை உள்நாட்டைச் சார்ந்திருந்தது. 1782 ஏப்ரலில் கூடலூர் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அங்கு அவர்களுக்கு வேண்டிய உணவும் பொருளும் ஹைதரின் ஆதரவால் கிடைத்தன. ஹைதரின் பெருங்களஞ்சியங்களுள் ஒன்று ஆரணி. அதனை அச்சுறுத்த எயர் கூட் படை நடத்தியதன் விளைவே 1782 ஜூன் 2இல் நிகழ்ந்த ஆரணிப் போர். நாகப்பட்டினக் கடற்போர் அதற்கு 34 நாள்களுக்குப் பின் நிகழ்ந்தது. ஆரணியில் தானியத்துக்காகவும் நாகப்பட்டினத்தில் துறைக்காகவும் நடந்தவை இரு போர்களல்ல. ஒரே போரின் இரு முனைகள். போர் முடிந்த ஜூலை இறுதியில் சுஃப்ரேனைக் காண ஹைதர் தாமே கூடலூர்ப் பக்கம் வந்தமை இதனை உறுதிசெய்யும்.

ஆரணியும் வந்தவாசியும் செங்கமும் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தவை. வந்தவாசிக் கோட்டையை ஆங்கிலேயத் துணைப்படைத் தலைவர் பிளின்ட் ஹைதரின் முற்றுகைக்கு எதிராக நெடுங்காலம் காத்துநின்றார். செங்கமும் திருவண்ணாமலையும் 1767 செப்டம்பரில் ஜோசப் ஸ்மித்தின் படைக்கும் ஹைதர், நிசாம் ஆகியோரின் கூட்டுப்படைக்கும் இடையே போர்க்களங்களாயின. அதற்கு முன்னரே, 1757இல், திருவண்ணாமலை பிரெஞ்சுக்காரர் வசப்பட்டது. மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தான் அதனைக் கைப்பற்றினார். உயர்ந்த மதில்களும் நான்கு பெருங்கோபுரங்களும் உடைய கோயில், வழிபாட்டிடமாக மட்டுமன்றி அரணாகவும் கொள்ளப்பட்ட காலம் அது. கணவாய்களிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் படைவழியில் அமைந்தமையே இதற்குக் காரணம்.

இப்போரின் விலையை உள்நாட்டு உழவரே செலுத்தினர். ஊர்கள் பாழாயின, மக்கள் சென்னை நோக்கி ஓடினர். 1782இல் பஞ்சம் முற்றிற்று. அவ்வாண்டு அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்றை அஞ்சி ஹியூஸ் பம்பாய்க்குப் புறப்பட்டார். அதே நேரத்தில் வீசிய புயலில் சென்னைத் துறையில் அரிசி ஏற்றிவந்த கலங்கள் பல அழிந்தன. சென்னை மணியக்காரர் சத்திரத்தின் தோற்றம் இப்பஞ்ச நிவாரணப் பணியோடு தொடர்புடையது. கப்பலில் இறந்தோரின் எண்ணிக்கை நமக்குத் துல்லியமாகக் கிடைக்கிறது. கரையிலும் உள்நாட்டிலும் இறந்தோர்க்கு அத்தகைய பட்டியல் எழுதப்படவில்லை. பட்டியலில் உள்ளோர் ஓவியத்துக்கும் உரியவராயினர்.

7. கூடலூர் 1783: மற்றொரு நாட்டின் ஓவியம்

இம்மறைப்பு ஆங்கிலேய ஓவியருக்கே உரியதன்று. 1783 ஜூன் 20இல் நிகழ்ந்த கூடலூர்ப் போரை 1836இல் பிரெஞ்சுக் கடலோவியர் ஓகுஸ்த் ஜூழலே வரைந்தார். அரசர் லூயி பிலிப் 1837இல் திறந்த வெர்சாய் வரலாற்றுக் கூடத்திற்குரிய ஓவியம் அது. பிரான்சின் பெருமைகள் அனைத்துக்கும் உரித்தாக்கப்பட்ட அக்கூடத்தில், 18 ஆங்கிலேயக் கப்பல்களை 15 கப்பல்களோடு எதிர்த்த சுஃப்ரேனுக்கு இடமளித்தது இயல்பே.

ஆனால் அப்போரின் பின்னணி வேறொன்றைக் கூறும். ஆங்கிலேயத் தரைப்படை கூடலூரை முற்றுகையிட்டிருந்தது. சுஃப்ரேனின் கப்பல்களில் ஆள் குறைவு; கோட்டையிலிருந்து 1200 வீரர் கப்பலேற்றப்பட்டனர்; அவர்களுள் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். நீர்த்தட்டுப்பாடும் நோயும் ஹியூசின் கப்பல்களைத் தளர்த்தியிருந்தன. இவையனைத்தினும் கொடியது, பிரான்சும் இங்கிலாந்தும் அமைதிக்கான முதற்கட்ட உடன்பாட்டில் 1783 ஜனவரி 20 அன்றே கையொப்பமிட்டிருந்தமை. செய்தி இக்கரையை அடையாத ஐந்து மாத இடைவெளியில் இப்போர் நிகழ்ந்தது. முடிந்துபோன ஒரு பகைக்காக இக்கரையில் சிந்தப்பட்ட குருதி, 53 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாட்டின் பெருமையாக வண்ணம் பெற்றது.

8. முடிவுரை

செர்ரெசின் ஓவியத்தைத் தமிழக வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினாவுக்குக் கொள்ளலாம் என்பதே விடை. ஆனால் அதற்கு மூன்று நிலைகளில் கேள்வி எழுப்ப வேண்டும். முதலாவது, ஓவியத்தின் மூலங்கள் எத்தரப்பினருடையவை என்பது. இரண்டாவது, ஓவியத்தில் காட்டப்படும் காற்றும் நீரும் இக்கரையின் பருவ ஒழுங்கோடு எங்ஙனம் பொருந்துகின்றன என்பது. மூன்றாவது, அக்கப்பல்களுக்கு அன்று அரிசியும் நீரும் ஆளும் எங்கிருந்து வந்தன என்பது. மூன்றாவது வினாவைத் தொடர்ந்தால் நாகப்பட்டினத்திலிருந்து கூடலூருக்கும் ஆரணிக்கும் திருவண்ணாமலைக்கும் வந்துசேர்கிறோம்.

இதற்குரிய தமிழ்ச் சான்றுகளும் நம்மிடம் உள்ளன. புதுச்சேரி இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு 1778 முதல் 1792 வரையிலான காலத்தைச் சேர்ந்தது. இப்போர்கள் ஐந்தும் அக்கால எல்லைக்குள் அடங்கும். கரையில் வாழ்ந்த தமிழரின் எழுத்தையும் கடலைத் தூரத்தே இருந்து தீட்டிய ஓவியத்தையும் நாள்தோறும் ஒப்பிட்டு ஆராயும் பணி ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்கது. அதனோடு விவரச்சுவடிகள், கோயில் ஆவணங்கள், மீனவர் வழக்கிலுள்ள காற்றுப் பெயர்கள் ஆகியவற்றையும் இணைத்தல் வேண்டும்.

1784இல் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயருக்கு முறைப்படி விட்டுக்கொடுத்தனர். ஓவியத்தில் புகைக்கு அப்பால் மறைந்திருந்த கரையின் உரிமை ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கையால் தீர்ந்தது. அக்கரையையும் அதற்கு அரிசி அனுப்பிய உள்நாட்டையும் அவ்வோவியத்தோடு மீண்டும் சேர்த்துப் படிப்பது தமிழக வரலாற்றாய்வின் கடன்.